ஏழாம் நம்பர் தட்டு

"இன்னைக்கு வேண்டாம்னுதான் சொல்றேன், சொல்லவே கூடாதுன்னு—"

"வேற என்னைக்கு சார்? அக்கா பஸ் ஏறி ஒரு மணி நேரமாச்சு, இப்ப வந்து நிப்பா—"

"நான் பேசி முடிச்சுக்கிறேன்மா. வகுப்பு முடியட்டும். அவங்க ஊர் போய்ச் சேரட்டும். அடுத்த வாரம் நானே பக்குவமா—"

"அடுத்த வாரத்துக்குள்ள அந்தச் செல்லெல்லாம் ஆம்பளைச் செல்லா மாறிடுமா சார்?"

பேச்சில் புரொபசரை மடக்குவது லேசில்லை. முப்பது வருஷம் மருத்துவ மாணவர்களுக்கு எதிரே நின்று பேசிப் பழகியவர். ஆனால் மேஜைமேல் கிடந்த அந்த ஒற்றைத் தாளை எதிரே வைத்துக்கொண்டு யார்தான் என்ன பேச முடியும்?

தாளில் இருந்தது இதுதான். ஆறு வருஷமாக ஏழாம் நம்பர் என்று எழுதி ஒட்டி அந்த ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வருகிற ஸ்டெம் செல்கள் ஏழாம் நம்பர் நோயாளியுடையவை அல்ல. நோயாளி பத்தொன்பது வயசுப் பையன். தட்டில் இருப்பவை ஒரு பெண்ணுடைய செல்கள். எந்தப் பெண் என்பதும் தாளிலேயே இருந்தது. நோயில்லாத ஆளுக்கு மாதிரியாக அதே கூடத்தில் வளர்க்கும் இரண்டாம் நம்பரோடு அவை ஒரு புள்ளி பிசகாமல் பொருந்தின. இரண்டாம் நம்பருக்காக ரத்தம் கொடுத்தவள், இதோ மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிற லேபக்கா.

லேபக்கா என்பது வேலையால் வந்த பேர். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கூடத்தில் டெக்னீசியன். டாக்டர் பட்டம் வாங்கப் போகிற பிள்ளைகளுக்குப் பிப்பெட் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். ஏழாம் நம்பர் அவளுடைய அக்கா மகன்.

"நீங்க சொல்லணும்னா எல்லாத்தையும் சொல்லணும்" என்றார் புரொபசர். "யார் கையால கலந்துச்சுங்கிறதையும்."

"சொல்லிடறேன்."

"அவங்க தாங்குவாங்களா?"

"அவ தாங்குவாளா, நம்ம கட்டுரை தாங்குமா, எதைக் கேக்குறீங்க சார்?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. போன வருஷம்தான் கட்டுரை வெளியானது. ஏழாம் நம்பரின் நோயுள்ள இதயச் செல்களுக்கு ஒரு மருந்தைக் கொடுத்தால் துடிப்பு சீராகிறது என்று பன்னிரண்டு பக்கம். நல்லா இருக்கிறவளுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, குணமாயிட்டா என்று எழுதியிருக்கிறோம் என்பது இப்போது அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கும், வெளியே வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற ஆராய்ச்சி மாணவிக்கும் மட்டும்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் என்றே பட்டப்பேர். அடுத்த கட்டுரைக்கு முன்னால் செல்லின் அடையாளத்தை ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று கிளப்பியது அதுதான்.

"துணைவேந்தர் வர்றார்மா. நம்ம புது ஆராய்ச்சி மையம் திறக்க இன்னைக்குத்தான் தேதி சொல்றாங்க" என்று குரலைத் தாழ்த்தினார் புரொபசர். "கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன். சத்தியமா. இந்த ஒரு நாளை மட்டும் விட்டுக் குடுங்க."

லேபக்கா தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

சந்தேகம் பின்னாலேயே ஓடி வந்தாள். "அக்கா, நான் அந்த டெஸ்டைப் பண்ணாமலே இருந்திருக்கலாம்."

"பண்ணினதுதான் சரி. போய் மைக்ரோஸ்கோப்பைத் துடைச்சு வை. பத்து மணிக்கு எண்பது பேர் கண்ணை வைப்பாங்க."

நடந்தது என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எந்த நாள், எந்த மணி என்பதுகூடத் தெரியும்.

வீட்டில் அந்தப் பையனுக்கு வாண்டு என்று பேர். வாசல் நிலை தலையில் இடிக்கிற உயரம் வளர்ந்த பிறகும் வாண்டுதான். இதயத் தசை மெலிந்துகொண்டே போகிற நோய். பெரிய ஆஸ்பத்திரி இந்த ஊரில்தான் என்பதால், கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாமல் தனியாக இருந்த சித்தி வீட்டிலேயே தங்கிப் படித்தான். அவன் கையிலிருந்து பருப்பளவு தோலை எடுத்து, அதை எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாகத் திருப்பி, பிறகு இதயச் செல்லாக வளர்த்துப் பார்க்கலாம் என்று புரொபசர் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"அதுல இருந்து இன்னொரு நான் வருவேனா சித்தி?"

"வரமாட்டேடா. தட்டுல கிடந்து துடிப்பே, அவ்வளவுதான்."

"அப்ப பரிட்சையை நானேதான் எழுதணுமா? என்ன ஆராய்ச்சி பண்றீங்க நீங்கள்லாம்."

ஸ்டெம் செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. தினமும் பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுச் சத்துநீர் விட வேண்டும். கூடத்தில் அதைச் சாப்பாடு போடுவது என்பார்கள். ஒரு நாள் தவறினால் தன் குணத்தை மறந்து கண்டதாகவும் மாறிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாண்டு, "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு சித்தி" என்றான். அப்படி அவன் வாரத்துக்கு நாலு தரம் சொல்வான். "படுத்துக்கோ, ஒரு மணி நேரத்துல சாப்பாடு போட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பினாள். சொன்னபடி ஒரு மணி நேரத்தில் திரும்பியும் வந்தாள். படுத்தவன் படுத்தபடியே இருந்தான்.

வாண்டுவின் அம்மா, அக்கா தங்கச்சியில் பெரியவள், வந்து வாசலில் நின்று கேட்டது இவ்வளவுதான். "பிள்ளையை விட்டுட்டு எங்கடி போனே?"

"செல்லுக்குச் சாப்பாடு போட."

அதற்கப்புறம் பெரியவள் அந்தக் கேள்வியை வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் டீயை நீட்டினால், "போட்டுட்டியா எல்லாருக்கும்?" என்பாள். போனை எடுக்க நேரமானால், "தட்டுகிட்ட இருந்தியாக்கும்" என்பாள்.

அவன் போன நாலாம் நாள் லேபக்கா வேலைக்கு வந்தாள். இடையில் மூன்று நாள் புரொபசரே எப்படியோ ஒப்பேற்றியிருந்தார், அவளைத் தவிர அந்தச் செல்களுக்கு ஒழுங்காகச் சோறு போடத் தெரிந்தவர்கள் அப்போது கூடத்தில் இல்லை. சாப்பாடு போடுகிற, காற்று வடிகட்டி ஓடுகிற அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நம்பர் தட்டுதான் இருக்க வேண்டும். ஒரு நம்பருக்கு ஒரு பாட்டில். முடித்து, தட்டைத் திரும்ப இன்குபேட்டருக்குள் வைத்து, பெட்டியைத் துடைத்து, பதினைந்து நிமிஷம் விட்டுத்தான் அடுத்த நம்பரை எடுக்க வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகளின் புறங்கையில் தட்டி அவள் சொல்லித் தருகிற முதல் பாடமே அது.

அன்றைக்கு ஏழாம் நம்பர் தட்டை அவளால் திரும்ப உள்ளே வைக்க முடியவில்லை. இன்குபேட்டர் கதவை மூடினால் அவன் மேல் இன்னொரு கதவை மூடுகிற மாதிரி இருந்தது. பக்கத்திலேயே இருக்கட்டும் என்று திறந்தபடி வைத்துக்கொண்டு, தன்னுடைய இரண்டாம் நம்பருக்குச் சாப்பாடு போட்டாள். கண் மறைத்தது. இரண்டுக்கும் மாறி மாறி ஒரே பாட்டிலைத்தான் எடுத்திருப்பாள். ஒரு சொட்டு போதும். நோயில்லாத செல் வேகமாகப் பெருகும், நோயுள்ளது பின்தங்கும். மூன்று மாசத்தில் தட்டு முழுக்க அவளே நிறைந்திருப்பாள். அதற்கும் முன்னால் உறைய வைத்த குழாயில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதைத் திங்கட்கிழமை சந்தேகம் கரைத்துப் பார்த்தாள். சோதனையில் அது அவனுடையதுதான் என்று வந்தது. ஆனால் ஒரு செல்கூட உயிரோடு எழுந்திருக்கவில்லை.

பெரியவள் ஒன்பதே காலுக்கு வந்து சேர்ந்தாள். இஸ்திரி போட்ட புடவை, கையில் ஒரு துணிப்பை, அதற்குள் வாண்டுவின் சட்டம் போட்ட படம். ஆறு வருஷமாக நடக்கிற வழக்கம் இது. முதல் வருஷ மாணவர்களுக்கு ஸ்டெம் செல் பற்றிய முதல் வகுப்பை புரொபசர் தொடங்க மாட்டார். அந்த அம்மாதான் தொடங்குவாள். பதினைந்து நிமிஷம் மகனைப் பற்றிப் பேசுவாள். பிறகு பிள்ளைகள் பத்துப் பத்துப் பேராக வந்து துடிக்கிற செல்லைப் பார்ப்பார்கள். எல்லாரும் போன பிறகு அவள் தனியாக ஐந்து நிமிஷம் பார்ப்பாள்.

"எப்படி இருக்கான்?" என்றாள் வந்ததும். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று அவள் முதலில் கேட்டதில்லை.

"உட்காருக்கா. டீ சொல்லியிருக்கேன்."

"நான் கேட்டது அவனை."

"அக்கா, ஒரு விஷயம் பேசணும். மேடைக்குப் போறதுக்கு முன்னால."

"நானும் ஒண்ணு பேசணும். நான்தானே மூத்தவ, முதல்ல நான் சொல்லிடறேன்." பெரியவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பேப்பர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இந்த வருஷம் பேச்சுல கொஞ்சம் மாத்திப் பேசப் போறேன்."

"எதை மாத்தப் போறே?"

"உன்னைப் பத்தி."

"என்னைப் பத்தி அந்தப் பிள்ளைங்களுக்கு எதுக்குக்கா?"

"பிள்ளைங்களுக்காக இல்லைடி. உன்கிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வராது. நாலு பேர் நடுவுலன்னா சொல்லிடுவேன். ஆறு வருஷம் உன்னைக் குத்திக்கிட்டே இருந்துட்டேன். நீயும் கல்லு மாதிரி வாங்கிக்கிட்டே. அதை முடிச்சுக்கணும். வயசாகுது எனக்கு." டீயை ஒரு வாய் குடித்தாள். "சர்க்கரையே இல்லை இதுல. உங்க ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் நோயாளி டீதானா? சரி, நீ என்னமோ சொல்ல வந்தியே."

கோட்டுப் பைக்குள் நாலாக மடித்த தாள் இருந்தது. லேபக்கா அதை விரலால் தொட்டாள்.

இந்த இடத்தில் அவள் நெஞ்சுக்குள் என்ன ஓடியது என்பதை மறைப்பதில் நியாயமில்லை. அக்கா தாங்கமாட்டாள் என்று அவள் நினைக்கவில்லை. புரொபசரையோ, முன்வரிசையில் உட்காரப் போகிற துணைவேந்தரையோ நினைக்கவில்லை. அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்பதை ஒரு தரம், ஒரே ஒரு தரம், காதாரக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. ஆறு வருஷப் பசி அது.

"ஒண்ணுமில்லைக்கா. அப்புறம் சொல்றேன்."

"முன்வரிசையில உட்காரு. கடைசி பெஞ்சுல ஒளிஞ்சுக்காதே."

படிப்படியாக இறங்குகிற பெரிய வகுப்பறை. எண்பது வெள்ளைக் கோட்டு, எல்லாம் மடிப்புக் கலையாத புதுசு. துணைவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். புரொபசர் லேபக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் சொல்லவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். சொல்லாமல் இருந்தது அவருக்காக இல்லை என்று அவளுக்கு எழுந்து சொல்ல வேண்டும் போலிருந்தது.

பெரியவள் படத்தை மேஜையில் நிறுத்தினாள். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தாள். இத்தனை வருஷமாகியும் அவளுக்கு அதைப் பிடிக்கத் தெரியாது.

"டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களா, இவன் என் மகன். உங்க வயசுதான். பரிட்சைன்னா வயித்துவலி வந்துரும் இவனுக்கு." பிள்ளைகள் சிரித்தார்கள். வருஷா வருஷம் அந்த இடத்தில் சிரிப்பார்கள். "இவன் போன அன்னைக்குப் பக்கத்துல யாரும் இல்லை. என் தங்கச்சி வீட்டுலதான் இருந்தான். இந்த லேப்ல வேலை பாக்குறவ. அவ பிள்ளையை விட்டுட்டு லேப்புக்கு வந்துட்டா. செல்லுக்குச் சாப்பாடு போடணும்னு. கேட்டீங்களா? உயிரோட இருக்கிறவனை விட்டுட்டுத் தட்டுல இருக்கிறதுக்குச் சாப்பாடு. ஆறு வருஷமா அவளை நான் மன்னிக்கலை. வாயால திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை."

பெரியவள் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"போன வருஷம் இங்க வந்து அந்தத் துடிப்பைப் பார்த்துட்டு பஸ்ல போறப்ப யோசிச்சேன். அன்னைக்கு அவ வராம வீட்டுலயே இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? பிள்ளை போகத்தான் போயிருப்பான், டாக்டரே சொல்லிட்டார். தட்டுல இருந்ததும் போயிருக்கும். இப்ப தட்டுல இருக்கிறதாவது எனக்கு மிஞ்சியிருக்கு. அவ யாருக்குச் சாப்பாடு போடப் போனா? என் மகனுக்குத்தானே. ஆறு வருஷமா லீவு நாள்கூட விடாம போட்டுக்கிட்டு இருக்கா. பெத்த நான்கூட அப்படிப் போட்டிருப்பேனான்னு தெரியலை." மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறுங்குரலில் சொன்னாள். "இதோ முன்னால உட்கார்ந்திருக்கா. உன்மேல எனக்கு இனிமே ஒண்ணும் இல்லைடி."

கைதட்டல் எழுந்தது. துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்திலிருந்த யாரோ லேபக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் அழுதாள். அது எதற்கான அழுகை என்று அந்த அறையில் சரியாகக் கண்டுபிடித்திருக்கக் கூடியவள் சந்தேகம் ஒருத்திதான். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

எண்பது பேரும் பார்த்து முடிக்கப் பன்னிரண்டு மணி ஆனது. பிறகு வழக்கம்போல லேபக்கா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு செல் வளர்க்கிற அறையின் கதவைச் சாத்தினாள். பெரியவள் நீலத் தொப்பிக்குள் கொண்டையைத் திணித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

"நல்லாத் துடிக்கிறான்டி. போன வருஷத்துக்கு இப்ப தேவலை. மருந்தா?"

"இல்லைக்கா."

"பின்ன என்ன, உன் சாப்பாடா?"

"அக்கா, அது வாண்டு இல்லை."

"என்ன இல்லை?"

"தட்டுல இருக்கிறது அவனோட செல்லு இல்லை."

பெரியவள் கண்ணை எடுக்கவில்லை. "தட்டை மாத்தி எடுத்துட்டியா? அத்தனை பிள்ளைங்களும் எவனையோவா பார்த்துட்டுப் போச்சு? சரி, போய் அவனுதை எடுத்துட்டு வா. எனக்கு ரெண்டு மணிக்குத்தான் பஸ்."

"எடுத்துட்டு வர ஒண்ணும் இல்லைக்கா. அவன் போன நாலாம் நாள் நான் வேலைக்கு வந்தேனே, அன்னைக்குக் கலந்துடுச்சு. என் கையாலதான். அவன் தட்டைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு இன்னொரு தட்டுக்கு ஊத்தினேன். வைக்கக் கூடாது. தெரிஞ்சுதான் வெச்சேன். அவனை உள்ள வெச்சுக் கதவைச் சாத்த மனசு வரலை. அந்த இன்னொரு செல்லு இவன்மேல வளர்ந்து இவனை இல்லாம பண்ணிடுச்சு. உறைய வெச்சதுல ஒண்ணு இருந்துச்சு. அதுவும் பிழைக்கலை."

"அப்ப ஆறு வருஷமா?"

"ஆமாக்கா."

"நான் வருஷா வருஷம் வந்து பார்த்தது?"

"அவன் இல்லை."

பெரியவள் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். மைக்ரோஸ்கோப்பின் வளையம் கண்ணைச் சுற்றிப் பதிந்திருந்தது. "யாரது பின்ன? யார் பெத்த பிள்ளை?"

லேபக்கா கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்தாள். அக்காவுக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பது நினைவு வந்து அப்படியே கையில் வைத்துக்கொண்டாள்.

"என்னுதுக்கா. நல்ல செல்லு ஒண்ணு ஒப்பிட்டுப் பார்க்க வேணும்னு என் ரத்தத்துல இருந்து எடுத்தாங்க. அதுதான் கலந்தது."

"உன்னுது."

"ஆமா."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. "பள்ளிக்கூடம் முடிச்சதும் உன் வீட்டுக்கு வந்தான். உன் சமையல்தான் பிடிக்கும்னான். உன்கிட்டதான் எல்லாத்தையும் சொன்னான். போறப்பவும் உன் வீட்டுலதான் போனான். எனக்குன்னு இது ஒண்ணு இருக்குன்னு பார்த்தேன். இதுலயும் நீதான் உட்கார்ந்திருக்கே."

"அக்கா, நான் வேணும்னு—"

"வேணும்னு பண்ணினேன்னு நான் சொல்லலையே. எப்பவுமே நீ வேணும்னு பண்ணினதில்லை." தொப்பியைக் கழற்றினாள். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். "பிள்ளை இல்லாதவளாச்சேன்னு பாதியை விட்டுக் குடுத்தேன். மீதியையும் நீயே வெச்சுக்கிட்டே. ஆறு வருஷமா உன்னைப் பார்த்துத்தான் கண்ணான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

லேபக்காவின் கால் தன்பாட்டுக்கு இன்குபேட்டர் பக்கம் நகர்ந்தது. தட்டு வெளியே வந்து வெகுநேரம் ஆகிவிட்டது, உள்ளே வைக்க வேண்டும் என்று கைக்குத் தோன்றிவிட்டது. பெரியவள் அந்தக் கையைப் பார்த்ததும் அது நின்றுபோனது.

"புரொபசருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த ஒல்லிப் பொண்ணுக்கு?"

"அவதான் கண்டுபிடிச்சா."

"எப்ப?"

"திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்துச்சு."

"இன்னைக்கு வெள்ளி" என்றாள் பெரியவள்.

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். துணிப்பையிலிருந்த படம் மேஜைக் காலில் இடித்தது. அதைக் கையால் தடவிச் சரிபண்ணிக்கொண்டாள். கதவுவரைக்கும் போனவள், கைப்பிடியில் கையை வைத்தபடி திரும்பாமலே நின்றாள்.

"காலையில என்னமோ சொல்ல வந்தியேடி, நான் மன்னிக்கப் போறேன்னதும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டே. தெரிஞ்சுக்கிட்டேதான் முன்னால உட்கார்ந்து அதைக் கேட்டியா?"